வத்திராயிருப்புக்கு அனுப்பிய ஆற்றல்

8 ஜூன் 2025, ஞாயிறு

தொண்டையில் அது இன்னும் இருக்கிறது. பாக்குத் துண்டு ஒன்று பாதி வழியில் நின்றுவிட்ட மாதிரி. டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை, நிம்மதியாக இருங்கள் என்றார். நிம்மதிக்கு மாத்திரை எழுதித் தரவில்லை.

அதனால்தான் இன்று ஹெப்சிபாவோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி கம்பெனியில் நானும் அவளும் ஒரே மேஜை. துணியை வெளிச்சத்தில் பிடித்து, நூல் விட்டிருக்கிறதா, கறை இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. அவளுக்கு ஒற்றைத் தலைவலி. உள்ளங்கையை வைத்து ஆற்றல் செலுத்திக் குணமாக்குகிற ரெய்கி வகுப்புக்குப் போனதிலிருந்து குறைந்திருக்கிறதாம். சர்ச்சில் யாரிடமும் சொல்லிவிடாதே என்று பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

வகுப்பு ஒரு பால்கோவா கடைக்கு மேல் மாடியில். மாஸ்டர் பெயர் விக்னேஷ்வரன். முன்பு இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தவர், இப்போது வெள்ளை ஜிப்பா. ஆள் சாது. கண்ணை மூடி, மனதில் எதையும் நினைக்காமல் இருங்கள் என்றார். கீழே அடுப்பில் பால் சுண்டிக்கொண்டிருந்தது. நான் நினைத்ததைத்தான் பக்கத்தில் இருந்தவர்களும் நினைத்திருப்பார்கள். ஹெப்சிபாவின் வயிறு சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

பிறகு எனக்குத் தனியாகச் சீட்டு போட்டுப் பார்த்தார். டாரட் சீட்டு. நான் எடுத்ததில் ஒரு பெண் கண்ணைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் வாளைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். நூலில் தொங்கும் ஒரு கல்லை என் கழுத்துக்கு நேரே பிடித்தார். அது ஆடவே இல்லை.

"தொண்டைச் சக்கரம் அடைச்சிருக்கும்மா. யாருக்கோ சொல்ல வேண்டிய வார்த்தை ஒண்ணு அங்க மாட்டிக்கிட்டு நிக்குது."

நான் அப்படி யாருக்கும் எதையும் சொல்லாமல் விடுகிற ஆள் இல்லையே என்றேன். ஹெப்சிபா தலையாட்டினாள்.

9 ஜூன், திங்கள்

வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கக் கூடாது. இவர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். ஆற்றல் என்றால் எத்தனை வோல்ட் என்று கேட்கிற ஜாதி. தொண்டைச் சக்கரம் அடைத்திருக்கிறது என்று சொன்னதும் சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார்.

"அடைச்சே இம்புட்டுன்னா, தொறந்துட்டா நான் எங்க போவேன் லட்சுமி?"

மாலையில் கடைக்கு வந்த ஒருவரிடமும் இதையே சொல்லியிருக்கிறார். அந்த ஆள் என்னைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்.

15 ஜூன், ஞாயிறு

முதல் நிலை தீட்சை ஆயிற்று. மாஸ்டர் தலைக்கு மேல் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். உள்ளங்கை சூடாகிறது, நிஜமாகவே. வீட்டில் இவர் முதுகில் வைத்துப் பார்த்தேன். மல்டிமீட்டர் எடுத்து வரட்டுமா, எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம் என்று ஆரம்பித்தவர், பாதியிலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார். எழுந்ததும் களைப்பு என்று சாதிக்கிறார்.

18 ஜூன், புதன்

தொண்டை அப்படியேதான்.

22 ஜூன், ஞாயிறு

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் சொந்தக்கார அத்தை ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டாள். உன் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்து மதுரையில் கொண்டு போய் ஸ்டென்ட் வைத்திருக்கிறதே, பார்க்கப் போனாயா என்றாள். போனேன் என்றும் சொல்லவில்லை, போகவில்லை என்றும் சொல்லவில்லை. இருமல் வந்த மாதிரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லாத தங்கச்சிக்கு யார் சொல்வார்கள்.

எழுதிவிடுகிறேன், இங்கே எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள். மகள் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் என்று வெற்றிலை, பாக்கு, பழத் தட்டோடு வத்திராயிருப்புக்குப் போனேன். அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போயிருந்தார். மாலை வரை இருந்து பார்த்தேன். வரவில்லை. கடைசியில் மதினி சண்முகத்தாயிடம் தட்டைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். அது குற்றமாகிவிட்டது. தாய்மாமனை நேரில் பார்த்துக் கூப்பிட வேண்டாமா, இன்னொரு தடவை வந்தால் குறைந்தா போவாள் என்று அண்ணன் சொன்னதாக வந்தது. வந்தவளை நினைத்துப் பார்க்காமல் வராத தடவைக்குக் கணக்குப் பார்க்கிறாரே என்று நான் சொன்னதாகவும் அங்கே போயிற்று. கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. தாய்மாமன் போட வேண்டிய மாலையைச் சித்தி மகன் போட்டான். என் மகள் மணவறையில் இருந்துகொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நான் எப்படி மறப்பேன்?

போய்ப் பார்த்துவிட்டு வருவோமா என்று இவர் கேட்டார். கூப்பிடட்டும், போவோம் என்றேன்.

29 ஜூன், ஞாயிறு

இரண்டாம் நிலையில் தூரத்தில் இருப்பவருக்கும் ஆற்றல் அனுப்பலாமாம். எதிரே இருக்க வேண்டியதில்லை, பேச வேண்டியதில்லை. போட்டோ இருந்தால் போதும். எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போயிற்று. உலகத்தில் பேச்சு வார்த்தை இல்லாத சொந்தக்காரர்களுக்கென்றே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒரே ஒரு விதிதான் சங்கடம். வாங்குகிறவருடைய அனுமதி வேண்டும். கேட்க முடியாத நிலை என்றால் மனதுக்குள் அவரை முன்னால் நிறுத்திக் கேட்க வேண்டும். பதில் தானாக வருமாம்.

இவரிடம் சொன்னேன். "உங்க வகுப்புக்குப் பக்கத்துலதான வத்திராயிருப்பு பஸ் நிக்குது? முக்கால் மணி நேரத்துல கொண்டு போய் விட்டுருவானே. அவனும் தூரத்துக்கு அனுப்புறவன்தான்."

நான் பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டேன்.

2 ஜூலை, புதன்

காலையில் குளித்துவிட்டுக் கண்ணை மூடி அண்ணனை முன்னால் நிறுத்தினேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் துண்டோடு, தென்னை மரத்தடியில் வந்து நின்றார். அண்ணே, ஆற்றல் அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"உன் ஆத்தலும் வேண்டாம், ஆட்டுக்குட்டியும் வேண்டாம். போட்டி அங்கிட்டு."

என் மனதுக்குள் வந்து நின்றுகொண்டு என்னையே விரட்டுகிறார். இந்த மனுஷனுக்கு என்ன திமிர்!

6 ஜூலை, ஞாயிறு

மறுபடியும் கேட்டேன். இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அண்ணன் வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம். அனுமதி கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன். மாஸ்டரிடம் விவரமாகச் சொல்லவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

அண்ணன் தனியாக இருக்கும் படம் என்னிடம் ஒரு பாஸ்போர்ட் சைஸ்தான் இருந்தது. ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினேன். ஸ்டூடியோக்காரர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் கேட்காமலேயே நீல வானம் பின்னால் வைத்து, கண்ணாடி, ஃபிரேம் எல்லாம் போட்டு நாளைக்கே தருகிறேன் என்றார். நல்ல மனிதர். காத்திருக்கவே வைக்கவில்லை.

வீட்டில் கண்ணுக்கு நேராக இருக்கிற மாதிரி முன் அறை மேஜையில் வைத்தேன். மனம் குவிய ஒரு விளக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். பூ நானாகச் சேர்த்தது. விளக்கு இருக்கிற இடத்தில் பூ இல்லாமல் எப்படி? ஒரு முழம் மல்லிகையை ஃபிரேமைச் சுற்றி விட்டேன். அண்ணன் முகத்துக்கு ஒரு களை வந்துவிட்டது.

இவர் கடையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றார். என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கை கழுவப் போய்விட்டார்.

13 ஜூலை, ஞாயிறு

தினமும் காலையில் அனுப்புகிறேன். உள்ளங்கை சூடாகிறது. போகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? போன் செய்து கேட்டால் தெரியும். அதற்காகத்தான் இதைக் கற்றுக்கொண்டேனா.

15 ஜூலை, செவ்வாய்

எதிர்வீட்டு சுடலையம்மாள் அக்கா மிக்ஸி ஜாரைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். நான் அடுக்களையில் இருந்தேன். வந்த சத்தம் கேட்டது, போன சத்தம் கேட்கவில்லை. ஜார் மட்டும் மேஜை ஓரத்தில் இருந்தது. எப்போதும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாமல் போகிற ஆள் இல்லை.

17 ஜூலை, வியாழன்

ஏதோ நடக்கிறது. நல்லதாகத்தான் நடக்கிறது.

நேற்றிலிருந்து தெருவே என்னிடம் அவ்வளவு அன்பாக இருக்கிறது. குழாயடியில் எனக்கு முதலில் விடுகிறார்கள். இன்று காலை சுடலையம்மாள் அக்கா தூக்குச் சட்டியில் காபி கொண்டுவந்து, அடுப்புப் பக்கம் போகாதே, செத்த நேரம் படு என்றாள். மதியம் இன்னொரு வீட்டிலிருந்து இட்லி. தலையைத் தடவிவிட்டு, மனசைத் தேத்திக்கோ தாயி என்று ஒருத்தி சொன்னாள். அண்ணனோடு பேசாமல் இருப்பது தெருவுக்கே தெரியும், அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் தெருப் பெண் ஒருத்தி கம்பெனியில் என்ன சொன்னாளோ, சூப்பர்வைசர் கூப்பிட்டு, லீவு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையா!

ஹெப்சிபாவிடம் சொன்னேன். அவள் என்னைத் தூரத் தள்ளி நிறுத்தி, துணியைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பார்த்தாள். ஆரா, அதாவது உடம்பைச் சுற்றி இருக்கிற ஒளி, மாறியிருக்கிறது, அதுதான் எல்லோரையும் இழுக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. கொடுக்கிறவருக்கும் திரும்பி வரும் என்று மாஸ்டர் சொன்னது இதுதான் போல.

20 ஜூலை, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை. இன்று வகுப்புக்கும் போகவில்லை.

நேற்றுக் காலை லீவில்தான் இருந்தேன். சுடலையம்மாள் அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இனியும் வீம்பு என்னத்துக்கு லட்சுமி? அண்ணன் போய்ச் சேந்துட்டாரு. போயி மதினி கையப் பிடிச்சி செத்த நேரம் அழுதுட்டு வா. ஒனக்கும் ஆறும்."

எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை அதுக்குப் பொறவு. எப்போ, எப்பிடி, யாரு சொன்னா... ஒண்ணும் கேட்கத் தோணல. தெருவுக்கே தெரிஞ்சிருக்கு. காபி கொண்டாந்து குடுத்திருக்காளுவ. எனக்கு மட்டும் தெரியல. நான் ஆரா மாறிருச்சுன்னு சிரிச்சிக்கிட்டு இட்லி தின்னுருக்கேன்.

இவர் கடையைப் போட்டது போட்டபடி ஓடி வந்தார். அண்ணன் நம்பருக்கு அடித்தார், எடுக்கவில்லை. மதினி நம்பருக்கு அடித்தார், எடுக்கவில்லை. சாவு வீட்டில் யார் போன் எடுப்பார்கள் என்று இவரே சொல்லிக்கொண்டார். இந்த நிலையில் பைக்கில் உட்கார மாட்டாய் என்று பஸ்ஸில் கூட்டிப் போனார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி ஒரு ரோஜா மாலை வாங்கினார். வாரா வாரம் நான் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போகிற அதே வத்திராயிருப்பு பஸ். ஏறி உட்கார்ந்ததும் நினைத்தேன், இவ்வளவு பக்கமா? இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டா இரண்டு வருஷம் இருந்தேன்?

தெரு முக்கில் திரும்பும்போதே தலையை அவிழ்த்துவிட்டு ஒப்பாரி வைத்தேன். நானாக வைக்கவில்லை, தானாக வந்தது.

"தட்டோட வந்தேனே அண்ணே, அந்தி சாயுற மட்டும் உக்காந்திருந்தேனே. ஒரு வார்த்தை வாட்டின்னு சொல்லியிருந்தா ஓடியாந்திருப்பேனே. மாங்கா பருவத்துக்கு மொதக் கூடை எனக்குத்தான் அனுப்புவியே. எம் மக மணவறையில வாசலப் பாத்தாளே அண்ணே, மாமன் வருவான்னு பாத்தாளே. எனக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா..."

இன்னும் என்னென்னவோ. தெருவில் கதவுகள் திறந்தன. யாரும் கூட அழவில்லை, அதை நான் கவனிக்கவில்லை. சாமியானா இல்லை, நாற்காலி இல்லை, சங்கு இல்லை. அதையும் கவனிக்கவில்லை. இவர் கவனித்திருக்கிறார். என் முழங்கையைப் பிடித்துப் பிடித்து இழுத்தார். நான் உதறிவிட்டேன்.

தெருவில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து, துக்கம் கேட்கத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தார். மெலிந்திருந்தார். வாசல்படியில் நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, யாரு செத்தது?"

"நீதாண்ணே," என்றேன்.

அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டேன். மதினி ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் அழுகை, எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னார் என்று இரண்டு போனையும் சத்தமில்லாமல் அலமாரிக்குள் போட்டு வைத்திருந்தாளாம்.

அண்ணன் பார்வை இவர் கையில் இருந்த மாலைக்குப் போயிற்று. யாருக்கு மாப்ளே என்று கேட்டார். இவர் வாழ்க்கையில் ஒரு தடவையும் இவ்வளவு வேகமாக யோசித்ததில்லை.

"ஆஸ்பத்திரியிலருந்து நல்லபடியா வந்துட்டிய. ஒரு மரியாதை செய்ய வேண்டாமா மச்சான்?"

யாரும் நம்பவில்லை. மாலையை வீட்டுக்குள் கொண்டு போகவும் பயம், எறியவும் மனமில்லை. கடைசியில் தெருப் பிள்ளையார் கழுத்தில் போட்டார். எதற்கு வாங்கியது என்று பிள்ளையாரிடம் யாரும் சொல்லவில்லை.

சாப்பிடும்போதுதான் ஒவ்வொன்றாகச் சொல்லி, பேச்சு போட்டோவில் வந்து நின்றது. நீல வானம், விளக்கு, மல்லிகை. சொல்லச் சொல்ல எனக்கே விளங்கிவிட்டது. உயிரோடு இருக்கிற மனுஷனை எந்த வீட்டில் அப்படி வைப்பார்கள்? அண்ணன் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்தேன். அண்ணன் சிரிக்க ஆரம்பித்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்காதிய, தையல் பிரிஞ்சிரும் என்று மதினி கத்தினாள். தையலே போடலட்டி, கை வழியா விட்டாக என்று அதற்கும் சிரித்தார். செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கூடுமாம், அதனால் என் வைத்தியம் பலித்துவிட்டதாம்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தார்.

"நான் கண்ணை மூடுன பொறவு பாட வேண்டியத எல்லாம் இன்னைக்கே பாடிட்ட. அன்னைக்கு என்னத்தப் பாடுவ?"

பிறகு குரலைத் தாழ்த்தி, மகள் நிஜமாகவே வாசலைப் பார்த்தாளா என்று கேட்டார். ஆமா என்றேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் இல்லை.

21 ஜூலை, திங்கள்

போட்டோவை எடுத்து பீரோவுக்குள் வைத்தாயிற்று. சுடலையம்மாள் அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செத்தவர் பிழைத்துவிட்டார் என்றா? இவர்தான் போய்ச் சொன்னார். மாலையில் அவள் வந்து, எதற்கும் போட்டோவைத் திருஷ்டி சுற்றிப் போடு என்றாள். தூக்குச் சட்டியையும் வாங்கிக்கொண்டு போனாள்.

போட்டோவுக்குப் பூ வைத்த அன்றைக்கு வாசலில் நின்றபோதே ஏன் சொல்லவில்லை என்று இவரைக் கேட்டேன். "சொன்னா எனக்கும் எதோ சக்கரம் அடைச்சிருக்கும்பே."

24 ஜூலை, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போதுதான் நினைவு வந்தது. தொண்டை.

எப்போது போயிற்று என்றே தெரியவில்லை.

27 ஜூலை, ஞாயிறு

நாளை ஆடிப்பூரத் தேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் கால் வைக்க இடமில்லை, வகுப்புக்கு நாங்கள் இரண்டு மூன்று பேர்தான். கீழே கடையில் பால் பொங்கிக்கொண்டே இருந்தது. மாஸ்டரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அனுமதி கேட்டுத்தானே அனுப்பினீர்கள் என்றார். கேட்டேன், போட்டி என்று சொல்லிவிட்டார் என்றேன்.

"அப்போ அது அவருக்குப் போயிருக்காதும்மா. உங்ககிட்டயேதான் இருந்திருக்கும்."

கல்லை எடுத்துக் கழுத்துக்கு நேரே பிடித்தார். அது ஜோராக ஆடியது. மின்விசிறிக் காற்றாகவும் இருக்கலாம். இவரிடம் சொன்னபோது, ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கிறது, அதுதான் தெருவுக்கே அடித்திருக்கிறது என்றார்.

10 ஆகஸ்ட், ஞாயிறு

வகுப்பு முடிந்ததும் ஹெப்சிபாவை ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, நான் வத்திராயிருப்பு பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் ஓரம் கிடைத்தது. மலை பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது.

மகளும் மருமகனும் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்கள். இரண்டு நாளைக்கு முன்னால் அண்ணனும் மதினியும் தட்டோடு அவர்கள் வீட்டுக்குப் போய், நேரில் விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அண்ணன் ஒரு மாலை வாங்கி வைத்திருந்தார், நல்ல பெரிய மாலை. மகள் கழுத்தில் போட்டுவிட்டு, மாமன் லேட்டா வந்துட்டேன் தாயி என்றார். அவள் அழுதாள், நானும்தான். பைக்கில் வந்து சேர்ந்திருந்த இவர் மட்டும் எலும்புக் குழம்பு ஆறுகிறது என்று ஞாபகப்படுத்தினார்.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் உள்ளே படுத்தார்கள். அண்ணன் மட்டும் தென்னை மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். வலியா என்றேன். வலி இல்லை, பயம்தான் என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை. பக்கத்தில் போய் நின்றேன். எனக்கும் கூச்சமாக இருந்தது.

"அண்ணே, கை வைக்கட்டுமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"நேர்ல வந்து கேட்டுட்டேல்லா. பொறவென்ன, வையி."